சாலைக்குக் கீழே நிற்க இடம் உண்டா?

சாலையின் அகலம் மிஞ்சிப்போனால் முப்பது மீட்டர் இருக்கும். எதிர்ப்பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் இரும்புக் கிராதி போட்டு அடைத்திருப்பார்கள், ஓர் அம்புக்குறி தரையைக் காட்டும், படியிறங்கி, வளைந்து, ஈரம் கசிகிற சுவரோரமாக நடந்து, மறுபடி படியேறி வெளியே வந்து பார்த்தால், போக நினைத்த மூலைக்கு நேரெதிர் மூலையில் நிற்போம். கீழே வெயிலும் கிடையாது நிழலும் கிடையாது, திசை தெரியாது, கைப்பேசியின் வரைபடமும் அந்த நேரம் பார்த்துக் கைவிரித்துவிடும். இதற்குத்தான் பாதசாரிகளின் பாதுகாப்பு என்று பெயர்.

யாருடைய வசதிக்காக இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரில் இருப்பவர் உட்கார்ந்தபடி சமதளத்தில் போகிறார், சொந்தக் காலில் நடப்பவர் இறங்கி ஏறுகிறார். சரி, காரைக் கீழே அனுப்பிவிட்டு மனிதர்களை மேலே விடலாமே என்று கேட்டால் பொறியாளர்களிடம் பதில் தயாராக இருக்கும்: மனிதன் நடக்க இரண்டரை மீட்டர் உயரம் போதும், லாரிக்கு ஐந்து மீட்டராவது வேண்டும், அதற்கான சரிவுப்பாதை இருபக்கமும் நீண்டுகொண்டே போகும், செலவு எங்கேயோ போய்விடும். கணக்கு சரிதான். நடைமேம்பாலத்தைவிடச் சுரங்கப்பாதை தேவலை என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். மேம்பாலம் லாரியின் தலைக்கு மேலே போயாக வேண்டும், அதனால் படிகள் அதிகம். சுரங்கம் நம் தலை இடிக்காத ஆழத்துக்குப் போனால் போதும். முதலில் இறங்கிப் பிறகு ஏறுவது மனசுக்கும் கொஞ்சம் எளிது.

1965ல் மூர், ஓல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மனசை அளந்து பார்த்திருக்கிறார்கள். சாலையை நேராகக் கடக்கிற அதே நேரத்தில் கடந்துவிடலாம் என்றால் நூற்றுக்கு 95 பேர் சுரங்கப்பாதையில் இறங்குவார்கள், மேம்பாலத்தில் 70 பேர் ஏறுவார்கள். மேம்பாலத்தில் போக ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும் என்றால் ஏறக்குறைய யாருமே ஏற மாட்டார்கள். கிராதியைத் தாண்டிக் குதித்து ஓடுகிறவர்களைப் பார்த்து ‘ஒழுக்கமில்லாத ஜனங்கள்’ என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஓடுகிறவர் உலகம் முழுக்க எல்லோரும் போடுகிற கணக்கைத்தான் போடுகிறார்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்று சொல்கிறேன், எனக்குச் சுரங்கப்பாதைகள் பிடிக்கும். எல்லாம் அல்ல, சில. மழைக்கு ஒதுங்கியவர்கள் வாசலில் குவிந்து நின்று வானத்தைப் பார்ப்பது, துணி விரித்துச் சில்லறைச் சாமான் விற்பவர், சாவி செய்து தருபவர், யாருக்காகவோ காத்திருந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைப் பார்க்கிற பெண், எங்கோ மூலையில் யாரோ வாசிக்கிற இசை சுவர்களில் மோதி இரண்டு மடங்காகக் கேட்பது, இதெல்லாம் உள்ள சுரங்கத்தில் நடப்பது மேலே நடப்பதைவிடச் சுகம். இதெல்லாம் இல்லாத சுரங்கம் வெறும் குழாய். ஆகவே ஒரு சுரங்கப்பாதை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அங்கே சும்மா நிற்க முடியுமா? எதையும் வாங்காமல், யாரும் விரட்டாமல், பயமில்லாமல்.

இந்தக் கேள்வியும் பழசுதான். லண்டனில் தேம்ஸ் நதிக்குக் கீழே ராதர்ஹைத்திலிருந்து வாப்பிங் வரை மார்க் புரூனல் ஒரு சுரங்கம் தோண்டினார், அவர் மகன் இசம்பார்டும் கூட வேலை பார்த்தார். படகுகள் ஓடும் ஆற்றுக்கு அடியில் தோண்டிய உலகின் முதல் சுரங்கம் அது. கப்பல் மரத்தைக் குடைந்து தின்னும் புழு தலையில் ஓடு வைத்துக்கொண்டு எப்படி முன்னேறுகிறது என்று பார்த்து, அதே மாதிரி ஓர் இரும்புக் கவசம் செய்து, அதற்குள் ஆட்களை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்ட வைத்தார். 1825ல் தொடங்கியது. 1827ல் ஆறு உள்ளே புகுந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட அதே வருடம் நவம்பரில் முடியாத சுரங்கத்துக்குள்ளேயே ராணுவ பேண்டு வாத்தியத்தோடு விருந்து வைத்தார்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆறு புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். எப்படியோ 1843 மார்ச்சில் திறந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டது சரக்கு வண்டிகள் போவதற்காக. ஆனால் வண்டிகள் இறங்கும் அளவுக்குப் பெரிய சரிவுப்பாதை கட்டக் காசு இல்லை. மிச்சமிருந்தது செங்குத்தான கிணறும் அதில் சுற்றி இறங்கும் படிக்கட்டும்தான். ஆகவே, வேறு வழியில்லாமல், அது மனிதர்கள் நடக்கும் சுரங்கமானது. நுழைவுக் கட்டணம் ஒரு பென்னி. முதல் நாளே ஏறத்தாழ 50,000 பேர் வந்தார்கள், சில மாதங்களுக்குள் பத்து லட்சம். ஆற்றின் மறுகரையில் அத்தனை பேருக்கும் வேலை இருந்திருக்காது. சும்மா பார்க்க வந்தவர்கள். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் வரிசையாக வளைவுகள் இருந்தன, வளைவுக்கு ஒன்றாகக் கடை முளைத்தது, நினைவுப் பொருள், பொம்மை, தின்பண்டம். 1850களில் உள்ளே திருவிழாவே நடத்தினார்கள், கழைக்கூத்தும் நெருப்பு விழுங்கும் வித்தையுமாக. நடக்கும் சுரங்கத்தில் வணிக வளாகம் என்ற யோசனை நம் காலத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், திட்டமே போடாமல் அவர்கள் அதைச் செய்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். பார்க்க வந்த கூட்டம் குறைந்தது, படுக்க இடமில்லாதவர்கள் வந்தார்கள், பாலியல் தொழிலாளர்கள் வந்தார்கள், வளைவுகளின் இருட்டில் திருடர்கள் பதுங்குகிறார்கள் என்று பேச்சு வந்தது. 1865ல் ஒரு ரயில்வே நிறுவனம் வாங்கியது, 1869ல் ரயில் விட்டது, இன்றும் அதற்குள் ரயில் ஓடுகிறது. நடப்பவர்களுக்காக ஒரு கட்டுமானம், முதலில் அதிசயம், பிறகு சந்தை, பிறகு பயம், கடைசியில் வாகனத்தின் கையில். எல்லா நகரங்களும் பின்னால் செய்யப்போவதை இந்த 396 மீட்டர் சுரங்கம் முன்கூட்டியே செய்து காட்டிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஆற்றுக்கடியில் நடக்க மட்டுமே கட்டி, இன்னும் நடக்க மட்டுமே பயன்படுகிற சுரங்கங்களும் உண்டு. லண்டனிலேயே கிரீனிச்சில் 1902ல் திறந்தது, தென்கரையில் குடியிருந்த துறைமுகத் தொழிலாளர்கள் வடகரையில் வேலைக்குப் போவதற்காக. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் 1933ல் திறந்த சுரங்கத்தில் மரத்தாலான எஸ்கலேட்டர் இன்றும் கடகடவென்று ஓடுகிறது. இவற்றில் கடை கிடையாது, நிற்கவும் யாரும் நிற்பதில்லை, ஆனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆற்றுக்கு மேலே நடந்து போக முடியாது அல்லவா. நம்மிடமிருந்து எதையும் பறித்துக்கொண்டு அந்தச் சுரங்கத்தைத் தரவில்லை. சாலைக்கடியில் இருக்கிற சுரங்கத்தில் வருகிற எரிச்சலே வேறு, மேலே நம் வழி கண்ணெதிரே இருக்கிறது, அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கனடாவுக்கு வருவோம், நிலத்தடி நடைபாதை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது அந்த நாட்டைத்தான். டொராண்டோவில் 1900லேயே ஈட்டன்ஸ் என்ற பெரிய கடை தன் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் தெருவுக்கடியில் வழி போட்டுக்கொண்டது. 1960களில் நடைபாதைகள் பிதுங்க ஆரம்பித்தபோது நகரத் திட்ட அதிகாரி மேத்யூ லாசன் புதுக் கட்டடம் கட்ட வந்தவர்களிடமெல்லாம் பேசிப் பேசி அடித்தளத்தில் கடைகளையும் வழிகளையும் கட்டவைத்தார். இன்று அது ‘பாத்’ (PATH) என்ற பெயரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இணைக்கிறது, ஆயிரத்துக்கும் மேல் கடைகள். பனியில் கால் வைக்காமல் ரயிலிலிருந்து அலுவலக நாற்காலி வரை போய்விடலாம். மான்ட்ரியாலில் 1962ல் பிளாஸ் வில் மரீ கட்டடத்தோடு தொடங்கியது, 1966ல் மெட்ரோ வந்ததும் கிளை விட்டுப் பரவி, அங்கும் முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

குளிர் நாட்டில் இதைக் குறை சொல்ல வெளியாளுக்கு என்ன உரிமை இருக்கிறது, ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டொராண்டோவின் அந்த 30 கிலோமீட்டரும் ஒரே ஆளுடையது அல்ல. முப்பதுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள், அவரவர் கட்டடத்துக்குக் கீழே அவரவர் துண்டு. ஒருவர் தரை பளிங்கு, அடுத்தவர் தரை ஓடு. 1987ல்தான் மாநகராட்சி ஒருங்கிணைப்பு வேலையை எடுத்துக்கொண்டு பொதுவான வழிகாட்டிப் பலகைகளைக் கொண்டுவந்தது: பெயரின் நான்கு எழுத்துக்கு நான்கு நிறம், சிவப்பு தெற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு, ஆரஞ்சு மேற்கு. நல்ல யோசனைதான், ஆனால் தன் கட்டடத்துக்குள் நுழைந்தவர் அடுத்தவர் கட்டடத்துக்கு எளிதாகப் போய்விட வேண்டும் என்று எந்தக் கடைக்காரர் ஆசைப்படுவார்? ஊருக்குப் புதியவர்கள் அந்தப் பலகைகளுக்குக் கீழே நின்று விழிப்பதில் ஆச்சரியமில்லை.

இது தெரு இல்லை, தெரு மாதிரி இருக்கிற தனியார் இடம். தெருவில் இரவு இரண்டு மணிக்கும் நடக்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் நகர மையத்துக்கு அடியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது, அங்கே வெயிலுக்குப் பயந்து, மதிய நேரத்தில் அலுவலகமே கீழே இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், சாயங்காலம் ஆனால் கதவு அடைத்துவிடுவார்கள், சனி ஞாயிறும் அப்படித்தான். கீழே மூடிவிட்டார்கள், மேலே தெருவுக்கு வந்தால் அங்கே கடை இல்லை, ஏனென்றால் கடை எல்லாம் கீழே. மான்ட்ரியாலுக்குத் திட்டம் போட்ட அதே நகரத் திட்ட வல்லுநர் வின்சென்ட் பான்டேதான் அமெரிக்காவின் டாலஸ் நகரத்துக்கும் சுரங்க வழிகளைத் திட்டமிட்டுக் கொடுத்தார். பல ஆண்டு கழித்து அந்நகர மேயராக இருந்த லாரா மில்லர், முடிந்தால் சிமெண்ட் கலவையை ஊற்றி எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன் என்கிற அளவுக்கு வெறுத்துப் பேசினார். ஒரே ஆள் போட்ட ஒரே மாதிரித் திட்டம், ஓர் ஊர் பெருமையாகக் காட்டுகிறது, இன்னோர் ஊர் தலையில் அடித்துக்கொள்கிறது. மான்ட்ரியாலில் கீழே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மேலேயும் கூட்டம் இருக்கிறது, மெட்ரோ ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. டாலஸில் ஏற்கெனவே குறைவாக இருந்த நடப்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள்.

நியூயார்க் தெருக்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் ஒன்றைக் கண்டுபிடித்தார், அதைப் படித்ததிலிருந்து எந்தக் கூட்டத்தையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் இருவர் வழியில் சந்தித்துக்கொண்டால் நின்று பேசுவது எங்கே? ஓரமாக ஒதுங்கி அல்ல. கூட்டம் போகும் நட்டநடு வழியில், அதுவும் தெருமுனையில். எல்லோருக்கும் இடைஞ்சல், ஆனால் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். நடப்பதும் நிற்பதும் தனித்தனி வேலை அல்ல என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நடக்க மட்டும் இடம் போட்டுத் தருகிறவர்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை.

புரிந்துகொண்டும் வேண்டுமென்றே மறுத்த ஓர் இடம் தோக்கியோவின் ஷிஞ்சுகு. ஷிஞ்சுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நிலத்துக்கடியில் விசாலமான ஒரு சதுக்கம் உண்டு. 1969ல் சனிக்கிழமை சாயங்காலமானால் இளைஞர்கள் கிடாரோடு அங்கே கூடி வியட்நாம் போருக்கு எதிராகப் பாடினார்கள், ரயிலைப் பிடிக்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள், விவாதித்தார்கள், கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கலகத் தடுப்புப் போலீஸ் வந்தது, கண்ணீர்ப் புகை வந்தது. ஜூலையில் ஒருநாள் பார்த்தால் ‘சதுக்கம்’ என்றிருந்த பலகைகளில் ‘நடைவழி’ என்று மாற்றியிருந்தார்கள். சதுக்கத்தில் நிற்கலாம். வழியில் நின்றால் போக்குவரத்துக்கு இடையூறு, நகருங்கள். சுவரை இடிக்கவில்லை, ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை, பலகையை மாற்றினார்கள், பாட்டு நின்றது.

அதே ஷிஞ்சுகுவில் 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது வேலை போனவர்கள் அட்டைப் பெட்டிகளால் வீடு கட்டிக்கொண்டு நிலத்தடி வழியோரமாக வாழ்ந்தார்கள். அந்த அட்டைச் சுவர்களில் சில இளம் ஓவியர்கள் படம் வரைந்து கொடுத்திருந்தார்கள். 1996 ஜனவரியில் நகரும் நடைபாதை போடப்போகிறோம் என்று அரசு அவர்களை அப்புறப்படுத்தியது. மற்றவர்கள் நடக்கக்கூட வேண்டாம், நின்றபடியே நகர்ந்து போகலாம், அதற்காக இவர்கள் போக வேண்டும். மிச்ச இடத்தில் யாரும் படுக்க முடியாதபடி மேற்பகுதியைச் சாய்வாக வெட்டிய உருளைகளை வரிசையாக நட்டார்கள், கலைப்பொருள் என்ற பெயரில். வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்திலேயே வேறு மூலைக்குப் போனார்கள், 1998 பிப்ரவரியில் அங்கே தீப்பிடித்து நான்கு பேர் இறந்த பிறகு அந்தக் குடியிருப்பும் முடிந்தது. சாய்வாக உட்காரவைக்கிற இருக்கை, நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சு, இவற்றை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த உருளைகள் ஞாபகத்துக்கு வரும்.

ஜப்பானிலேயே இதற்கு நேர்மாறாகவும் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சப்போரோ பனி கொட்டுகிற ஊர். அங்கே ரயில் நிலையத்திலிருந்து ஓதோரி பூங்கா வரை ஏறத்தாழ அரை கிலோமீட்டருக்கு 2011 மார்ச்சில் ஒரு நிலத்தடி நடைபாதையைத் திறந்தார்கள். அகலம் 20 மீட்டர். நடுவில் 12 மீட்டர் நடக்க, இரண்டு பக்கமும் நான்கு நான்கு மீட்டர் நடக்க அல்ல. அந்த ஓரங்கள் சட்டப்படியே சதுக்கம், மாநகராட்சி அதற்கென்று தனி விதி போட்டிருக்கிறது. நாற்காலி கிடக்கிறது, காபி கிடைக்கிறது, கண்காட்சி நடக்கிறது, சும்மாவும் உட்காரலாம். நாற்பது வருடம் முன்னால் தோக்கியோ ஒரு பலகையால் எடுத்துக்கொண்டதை சப்போரோ ஒரு விதியால் திருப்பிக் கொடுத்தது. இரண்டுக்கும் பெரிய பொறியியல் எதுவும் தேவைப்படவில்லை.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நிற்கலாமா என்று நான் கேட்பது ஆணாக இருந்துகொண்டு கேட்பது, பல பெண்களுக்கு முதல் கேள்வி அந்த வழியில் இறங்கலாமா என்பதுதான். 1991ல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் நடைவழியில், கூட்ட நேரத்தில், பக்கத்திலேயே ஆட்கள் போய்க்கொண்டிருந்தபோது, கட்டுமானக் குப்பைக் குவியலின் மறைவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதற்குப் பிறகு நகரம் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நடைவழிகளை மூடிவிட்டது. பிரிட்டனில் 1960களில் கார்களுக்காக நகர மையத்தைச் சுற்றி விரைவுச் சாலையும் அதற்கடியில் பாதசாரிச் சுரங்கங்களும் கட்டிய பர்மிங்காம், அந்தச் சுரங்கங்களில் இருட்டிய பின் யாரும் இறங்காததைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சாலையையே தரைக்கு இறக்கி மனிதர்களை மேலே நடக்கவிட்டது. லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் ரவுண்டானாவிலும் அதே கதை, சுரங்கங்களை மூடிவிட்டு மேலே சிக்னல் போட்டார்கள்.

விளக்கு போட்டால், கேமரா வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் சரியாகும். ஆனால் நுழையும்போதே வெளியேறும் வாசல் தெரிகிறதா என்பதுதான் முக்கியம், நடுவில் ஒரு திருப்பம் வந்தாலே அதன் மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அடுத்து, அங்கே தினமும் நிற்கிற ஒருவர். சாவிக் கடைக்காரர் எந்தக் கேமராவைவிடவும் நன்றாகப் பார்ப்பார், வேண்டுமானால் குரலும் கொடுப்பார். அவரைப் போலீஸ் துரத்திவிட்டு அந்த இடத்தில் கேமரா வைப்பதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பாரிஸ் மெட்ரோவில் 1997லிருந்தும் லண்டனில் 2003லிருந்தும் இசை வாசிப்பவர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு அனுமதி கொடுத்து இடம் ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் பாதி மகிழ்ச்சிதான், தேர்வு வைத்து உரிமம் கொடுத்த இசைக்கு ஒரு பள்ளிக்கூட வாசனை வந்துவிடுகிறது, இருந்தாலும் அங்கே ஒரு மனிதர் நிற்கிறார் இல்லையா.

2016 மே மாதம் தென்கொரியாவின் சியோலில் கங்னம் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை முன்பின் தெரியாத ஆண் கொலை செய்தான், பெண்கள் தன்னை மதிப்பதில்லை என்று காரணம் சொன்னான். அடுத்த நாளிலிருந்து அந்த நிலையத்தின் பத்தாம் எண் வாசலுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒட்டுத்தாளில் எழுதி வாசலின் கண்ணாடிச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். படியிறங்குகிற எல்லோரும் அதைப் படித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அந்த ஊரில் ஆள் சந்திப்பதற்கு இடம் சொல்வதே வாசல் எண்ணை வைத்துத்தான், ஆகவே கூடுவதற்கும் வாசலே இடமானது. யாரும் சதுக்கம் என்று பெயர் வைக்கவில்லை.

கீழே இருப்பதன் ஆபத்தைப் பற்றி ஒரு பத்தி. 1980ல் ஜப்பானின் ஷிசுவோகாவில் நிலத்தடிக் கடைவீதியில் வாயு வெடித்து 15 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், அதற்குப் பிறகு அந்த நாட்டில் புது நிலத்தடிக் கடைவீதிக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடானது. 1999ல் ஃபுகுவோகாவில் ஆறு பெருகி ஹகாட்டா ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தடிகளில் தண்ணீர் புகுந்தது, ஓர் அடித்தளத்தில் வேலை பார்த்தவர் தப்ப முடியாமல் இறந்தார். ஹூஸ்டன் சுரங்கங்களை 2001 ஜூனில் அலிசன் புயலின் மழை நிரப்பியது. தண்ணீருக்குப் படிக்கட்டு என்றும் தெரு என்றும் வித்தியாசம் கிடையாது. வாசலில் இரண்டு படி உயரமாகக் கட்டி அப்புறம் இறங்கச் சொல்வது ஏன் என்று எரிச்சல்பட்டவர்களுக்கு விடை இதுதான்.

கடைசியாக ஒரு சண்டை, இதில் என்னால் முழுசாக ஒரு பக்கம் சேர முடியவில்லை. கொரியாவில் பெரிய சாலைகளுக்கடியில் பாதசாரிகளுக்காகத் தோண்டிய வழிகள் பல கடைவீதிகள் ஆகிவிட்டன. இஞ்சன் நகரத்தின் புப்யொங்கில் ஒரே நிலத்தடியில் 1,400க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. மேலே சாலையின் குறுக்கே கோடு போட்டுச் சிக்னல் வைத்து நேராகக் கடக்கவிடுங்கள் என்று மக்கள் கேட்கும்போதெல்லாம் கீழே இருக்கிற கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். ஒரு ஜீப்ரா கிராசிங் வந்தால் ஆள் இறங்க மாட்டான், ஆள் இறங்காவிட்டால் வியாபாரம் இல்லை. மூர், ஓல்டர் பெயரைக் கேள்விப்படாமலே அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த, சுரங்கத்தை மனிதர்கள் நிற்கும் இடமாக வைத்திருக்கிற ஆட்கள் இவர்கள்தான். இவர்கள் பிழைப்பு நடப்பதற்கு மேலே கிராதி இருக்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். 2001 ஜனவரியில் சியோலுக்கு அருகே ஓய்தோ ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தூக்கும் இயந்திரம் விழுந்து அதில் இருந்த மூதாட்டி இறந்தார். கொரியாவில் மாற்றுத்திறனாளிகள் நடமாடும் உரிமைக்காகத் தெருவில் இறங்கியது அதிலிருந்துதான், அண்மை ஆண்டுகளிலும் ரயில்களை மறித்துப் போராடியிருக்கிறார்கள். சாலையைக் கடக்க முப்பது படி இறங்கி முப்பது படி ஏறு என்று இவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. லிஃப்ட் வைக்கிறோம் என்பார்கள், வைத்தாலும் அது எந்த மூலையில் இருக்கிறது, இன்றைக்கு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருப்பவர், முழங்கால் தேய்ந்தவர், பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுபவர், எல்லோரும் இந்தப் பக்கம்தான்.

யாராவது என்னைக் கேட்டால், கோடு போடு என்றுதான் சொல்வேன், அதில் தயக்கம் இல்லை. தோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சிக்னலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நாலாபக்கமிருந்தும் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறார்கள், லண்டன் அதைப் பார்த்து 2009ல் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் கிராதிகளைப் பிடுங்கிவிட்டுக் குறுக்கே கடக்கக் கோடு போட்டது, இரண்டு ஊரிலும் கார்கள் காத்திருக்கின்றன, ஒன்றும் குடிமுழுகிப்போகவில்லை. ஆனால் கோடு போட்ட மறுநாளே கடைக்காரர்களை மறந்துவிடுவார்களே, அதுதான் என் கவலை. வாடகையைக் குறை, படிக்குப் பக்கத்தில் எஸ்கலேட்டர் போடு, நிற்க நாலு மீட்டர் ஓரம் விடு, நாற்காலி போடு, கழிவறையைத் திறந்து வை. மேலே கடக்க முடிந்த பிறகும் ஒருவன் கீழே இறங்கினால் அவனுக்கு அங்கே ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு ஒதுங்குவதையும் நான் அதில் சேர்த்துக்கொள்வேன்.